சாலவாக்கத்தில் ஒரு பெண் மின்னுகிறாள்

சாலவாக்கம் பேருந்து நிறுத்தத்தில் டீக்கடை வைத்திருக்கும் முத்துவேல், பாலை ஆற்றிக்கொண்டே ஒரு செய்தியை வெளியிட்டார்.

"நம்ம வேதகிரி பொண்ணு இருட்டுல மின்னுது சார்."

நான் உத்திரமேரூர் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். பஸ் வந்தது. ஏறவில்லை. இப்படிப்பட்ட செய்தியைப் பாதியில் விட்டுவிட்டு ஏறுகிறவன் மனிதனே இல்லை.

"மின்னுதுன்னா?"

"மின்னுதுன்னா மின்னுதுதான். மெட்ராஸ்ல அணு படிக்குது இல்ல? ஒடம்பு பூரா கதிர் ஏறிப்போச்சாம். நீ உள்ளயே வராதன்னு காலேஜ்ல சொல்லி அனுப்பிட்டானுங்க. இப்ப வூட்லதான் கீது. அது வந்ததுல இருந்து பக்கத்து வூட்டுக் கோழி முட்ட வெக்கலியாம்."

பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, அந்த வீட்டுப் பக்கம் போனாலே செல்போனில் சிக்னல் போய்விடுகிறது என்றார். சாலவாக்கத்தில் எந்தப் பக்கம் போனாலும் சிக்னல் போகும் என்பது அவருக்கும் தெரியும். ஆனாலும் ஒரு காரணம் கிடைத்தால் யார்தான் விடுவார்கள்? இந்தச் செய்தி பக்கத்து ஊரான பெருநகர் போய்ச் சேர்ந்தபோது, அந்தப் பெண் தொட்டால் கரண்ட் இல்லாமலே மோட்டார் ஓடுகிறது என்று ஆகிவிட்டிருந்தது. மும்முனை மின்சாரத்துக்காக விழித்துக் கிடக்கும் விவசாயிகள் இரண்டு பேர் அவளுடைய முகவரியையே விசாரித்தார்களாம்.

யார் கண்ணால் பார்த்தது என்று கேட்டேன். முத்துவேல் பார்க்கவில்லை. அவருக்குச் சொன்னது செங்கேணி. ஷேர் ஆட்டோ ஓட்டுகிற செங்கேணியை ஆட்டோவிலேயே பிடித்தேன்.

"சத்தியமா பாத்தேன் சார். போகிக்கு முந்தின நாளு. ஏரிக்கர மேல என் பைக்குல வந்துகினு இருந்தேன். ஊர் பூரா கரண்ட் இல்ல. எதிர்க்க வெள்ளையா, பளபளன்னு, தல மட்டும் கறுப்பா ஒண்ணு நடந்து வருது. வண்டிய அப்டியே போட்டுட்டு ஓடிட்டேன்."

"வண்டியில லைட் எரிஞ்சுதா?"

"லைட் இல்லாம எப்டி சார் ஓட்டுவேன்? நேரா அது மேலதான் அடிச்சுது."

"அது என்ன போட்டிருந்தது?"

செங்கேணி கொஞ்சம் யோசித்தார். "டாக்டருங்க போடற கோட்டு" என்று சொல்லிவிட்டு, ஆட்டோவை வேகமாகக் கிளப்பினார்.

வெள்ளைக் கோட்டின் மேல் ஹெட்லைட் அடித்தால் எவளும் மின்னுவாள். ஆக, வதந்தியில் பாதி ஏரிக்கரையிலேயே அணைந்துவிட்டது. மீதிப் பாதி, கல்லூரியிலிருந்து திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்பது. அதைத் தெரிந்துகொள்ள வேதகிரி வீட்டுக்கே போனேன்.

ஏரிக்கு அந்தப் பக்கம், காலனியின் கடைசி வரிசையில் அரசாங்கம் கட்டிக்கொடுத்த வீடு. வேதகிரி நாற்றுப் பறிப்பதிலிருந்து மூட்டை ஏற்றுவது வரைக்கும் யார் கூப்பிட்டாலும் கூலிக்குப் போகிறவர். மனைவி சிட்டம்மாள் நடவுக்கும் நூறு நாள் வேலைக்கும் போகிறவர். இவர்களுடைய ஒரே மகள் தேவயானி, சென்னையில் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. நியூக்ளியர் மெடிசின் டெக்னாலஜி, மூன்றாம் ஆண்டு. காலனியில் இந்தப் படிப்பின் பெயரை முழுதாகச் சொல்லத் தெரிந்தவர்கள் அவளையும் சேர்த்து ஒருவர்.

வாசலில் என் தலையைக் கண்டதும் தேவயானி எழுந்து வந்தாள்.

"வாங்க சார். லைட்ட அணைச்சுடட்டுமா? மின்னறதப் பாக்கத்தான வந்தீங்க?"

இப்படிக் கேட்கிறவளிடம் அப்புறம் என்ன மறைப்பது? ஆமாம் என்றேன். சிரித்தபடி நாற்காலி போட்டாள்.

இந்தப் படிப்பை அவளாகத் தேடிப் போகவில்லை. நர்சிங் கேட்டுத்தான் கவுன்சிலிங்குக்குப் போனாள். அவள் முறை வந்தபோது நர்சிங் தீர்ந்துபோயிருந்தது. திரையில் மிச்சம் இருந்தவற்றில் எது நீளமான பெயரோ அதைத் தொட்டுவிட்டாள். வேதகிரி ஊருக்குள் வந்து, "பொண்ணு அணு படிக்குது, முடிச்சதும் கல்பாக்கத்துல வேல" என்று அறிவித்தார். அவளுக்கே மறுத்துச் சொல்லத் தெரியவில்லை. முதல் மாதம் முழுக்கத் தானும் கல்பாக்கம்தான் போகப்போகிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தாளாம்.

"அப்புறம்தான் சார் தெரிஞ்சுது, இது வேற மாதிரி" என்று ஆரம்பித்தவள், தன் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டாள். கை பேச ஆரம்பித்துவிட்டது. "மருந்துல கொஞ்சூண்டு கதிர் சேத்து ஊசி போடுவோம். எலும்புக்குப் போற மருந்துன்னா எலும்புக்குப் போவும், தைராய்டுக்குன்னா தைராய்டுக்கு. அங்க போய் உக்காந்துக்கினு, 'நான் இங்க கீறேன், இங்க கீறேன்'னு சிக்னல் குடுக்கும். எக்ஸ்ரே வெளிய இருந்து எட்டிப் பாக்கும் சார். இது உள்ள இருந்தே பேசும்!"

"பேசினா யாருக்குக் கேக்கும்?"

"கேமராவுக்கு. படுத்திருக்கறவங்கள மேலயும் கீழயும் ரெண்டு கேமரா நின்னு பாக்கும். மொதல்ல ஸ்கிரீன்ல ஒண்ணுமே தெரியாது. ஒரு புள்ளி. ரெண்டு புள்ளி. அப்புறம் மழை புடிச்ச மாதிரி புள்ளியாக் கொட்டும். கொட்டிக் கொட்டி முதுகெலும்பு வரும், விலா எலும்பு வரும், ஒரு முழு மனுஷி வந்து நிப்பாங்க! மொத தடவ பாத்தப்ப நான் ஓன்னு கத்திட்டேன். படுத்திருந்த அம்மா பயந்துபோய், 'இன்னா பாப்பா, எதுனா பெருசாக் கீதா'ன்னு அழுதுட்டாங்க. மேடம் என்ன வெளிய அனுப்பிட்டாங்க."

அந்த மருந்தை எடுப்பதும் ஒரு வைபவம். தினமும் காலையில், ஈயக் கவசத்துக்குள் இருக்கும் ஒரு பெட்டியிலிருந்து எடுப்பார்கள். அந்தத் துறையில் எல்லோருமே அதற்குப் பால் கறப்பது என்றுதான் சொல்கிறார்கள். இன்று கறந்தால் நாளைக்குள் மறுபடி ஊறியிருக்கும்.

உள்ளேயிருந்து சிட்டம்மாளின் குரல் வந்தது. "தீனி வெக்க வேணாமாம், சாணி அள்ள வேணாமாம், ஒதைக்கவும் செய்யாதாம். அந்த மாடு இன்னா வெலன்னு கேட்டுக்கினேகீறேன், சொல்ல மாட்டேங்குறா."

"ம்மா, சும்மா இரு. அது நம்ம ஊருக்கு வராது."

"ஏன் வராது? ஜெர்சியே வந்துச்சு."

நான் வதந்தியை எடுத்துப் போட்டேன். கதிர் உடம்பில் ஏறி ஊர் வரைக்கும் வருமா? அந்த மருந்துக்கு ஆயுசு கம்மி, ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை பாதியாகத் தேய்ந்துவிடும் என்றாள். அதுவும் போக, சாயங்காலம் கிளம்புவதற்கு முன்னால் கை, கால், கோட்டு எல்லாவற்றையும் மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் வெளியே விடுவார்கள். "எங்க காலேஜ் வாசல்ல பானிபூரி விக்கறவரு கையவிட எங்க கையி சுத்தம் சார்."

பக்கத்து வீட்டுக் கோழி?

"அந்தக் கோழியவே போய்க் கேளுங்க. அதுக்கு வயசு என்னா ஆவுதுன்னும் சேத்துக் கேளுங்க."

இவ்வளவு நேரம் சிரித்துக்கொண்டிருந்தவள், கல்லூரி என்ன ஆயிற்று என்று கேட்டதும் தலையைக் குனிந்துகொண்டாள். வதந்தியின் மீதிப் பாதி உண்மைதான். முழுசாக இல்லை. அவளை விரட்டவில்லை, நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

மருந்து அறைக்குள் போகிற எல்லோரும் கோட்டில் ஒரு பேட்ஜ் குத்திக்கொள்ள வேண்டும். உள்ளங்கைக்குள் அடங்குகிற சின்ன பிளாஸ்டிக் உறை. உள்ளே ஒரு தகடு, அதில் மூன்று வட்டச் சில்லுகள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை எல்லோருடைய பேட்ஜையும் வாங்கிப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். யார் மேல் எவ்வளவு கதிர் பட்டது என்பதை அந்தச் சில்லுகள் சொல்லிவிடும். வகுப்பில் மற்ற எல்லோருக்கும் வர வேண்டியது வந்தது. தேவயானிக்கு மட்டும் வரக் கூடாதது வந்தது.

"அதுலயும் பாருங்க சார், நாங்க கறக்கற மருந்தோட கதிர் மாதிரி இல்லியாம். எக்ஸ்ரே கதிர் மாதிரி கீதாம். மூணு சில்லயும் வெச்சு எந்தக் கதிருன்னும் கண்டுபுடிப்பாங்க. கனகா மேடம்தான் எங்களுக்குப் பாதுகாப்பு அதிகாரி. 'எக்ஸ்ரே ரூம்ல உனக்கு இன்னா வேல?'ன்னு கேக்கறாங்க. நான் அந்தப் பக்கமே போவல. சொன்னா நம்ப மாட்டேங்குறாங்க."

திங்கட்கிழமை விசாரணை. பேட்ஜில் அந்தக் கதிர் எப்படி வந்தது என்று காரணம் சொல்லியாக வேண்டும். சொல்ல முடியாவிட்டால் மருந்து அறைக்குள் விட மாட்டார்கள். உள்ளே போகாவிட்டால் செய்முறைப் பயிற்சி நேரம் குறையும். குறைந்தால் ஒரு வருஷம் போச்சு.

"இன்னொரு வருஷம்னா, அதுக்கு நைனா எத்தன மூட்ட தூக்கணும்?" என்றாள். அவ்வளவு நேரம் பேசிக்கொண்டிருந்த கைகள் மடியில் போய் உட்கார்ந்துகொண்டன.

"பேட்ஜ் ஊருக்கு வந்ததா?"

"பொங்கலுக்கு வந்தப்ப தெரியாம கோட்டோட வந்துடுச்சு. உண்மையச் சொன்னா, கோட்டப் போட்டுக்கினு ஊருக்குள்ள நடந்து வரணும்னு ஆச. ஆனா கோட்டு அந்த ஆணியிலதான் தொங்கிச்சு. இங்க ஏது சார் எக்ஸ்ரே?"

இந்த இடத்தில் சிட்டம்மாள் அடுக்களையிலிருந்து வெளியே வந்தார். கோழி கத்துகிற மாதிரி இருக்கிறதே என்று சொல்லிவிட்டுப் பின்பக்கம் போனார். எனக்கு எந்தக் கோழிச் சத்தமும் கேட்கவில்லை.

அப்போது வேதகிரி வந்து சேர்ந்தார். அவரைப் பற்றியும் ஒரு வார்த்தை. டவுன் பஸ்ஸில் சில்லறைக்காகக் கண்டக்டரோடு மல்லுக்கு நின்று, பஸ்ஸையே ஓரங்கட்ட வைத்தவர் என்று பெயர் எடுத்தவர். பொங்கலுக்கு அப்புறம் ஆள் அடியோடு மாறிவிட்டார். யாரோடும் சண்டை இல்லை. இரவல் வாங்கிய மண்வெட்டியை அவராகவே திருப்பிக் கொடுத்துவிட்டார். மகளின் படிப்பு அப்பனைப் பக்குவப்படுத்திவிட்டது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

வீட்டுக்கு யார் வந்தாலும் வேதகிரி காட்டுகிற பொருள் ஒன்று உண்டு. எனக்கும் காட்டினார். பீரோவின் மேலிருந்து ஒரு பெரிய காகித உறையை இறக்கி, கறுப்பு ஃபிலிமை உருவி, வாசல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தார்.

"என் கல்லு சார். கிட்னியில. பொங்கலுக்கு மறுநாளு வலி உயிரு போச்சு. காஞ்சிபுரம் கூட்டிக்கினு போயி ஸ்கேன் எடுத்தாங்க. பாருங்க, எப்டிக் கீது! வாயத்தண்டு சாறு குடிச்சே வெளிய தள்ளிட்டேன்."

"நைனா, இத்த நான் பாத்ததே இல்லியே" என்றாள் தேவயானி.

"நீ எங்க பாத்த? நீ அன்னிக்கு மானாம்பதி சித்தி வூட்டுக்குப் போயிட்ட. மறுநா விடியகாலம் மெட்ராஸ் பஸ் ஏறிட்ட. ஃபிலிமு அதுக்கப்புறம்தான குடுத்தான்? இப்ப வந்ததுல இருந்து நீ அழுதுகினுதான கீற, எப்டிக் காட்டறது?"

அவள் எழுந்து வந்து ஃபிலிமைப் பார்த்தாள். பார்த்தவள் அப்பாவின் கல்லைப் பார்க்கவில்லை. ஓரமாக, இடுப்பெலும்பின் பக்கத்தில், பார்த்துக்கொண்டே நின்றாள். அங்கே வெள்ளையாக ஒரு சதுரம். சதுரத்துக்குள் மூன்று வட்டங்கள்.

"நைனா! இது இன்னா? இடுப்புல இன்னா கட்டிக்கினு போன?"

"தாயத்துமே. உங்கம்மா கட்டுனா. அந்த ஸ்கேன் பையன் கூடக் கேட்டான், இடுப்புல இன்னா தாத்தான்னு. தாயத்துன்னேன். கயட்டுன்னான். அரைஞாண் கயித்த எவன்டா உயிரோட கயட்டுவான்னு கேட்டேன். சரி, அது கல்லு மேல வரல, ஆடாம படுன்னுட்டான்."

"அய்யோ நைனா! இது என் பேட்ஜு! என் பேட்ஜு!" அவள் போட்ட கூச்சலில், முட்டை வைக்காத அந்தக் கோழியே கூரை மேல் ஏறியிருக்கும். ஃபிலிமைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, குதித்தபடியே வீட்டுக்குள் ஒரு சுற்று வந்தாள். "சி.டி. ஸ்கேன்னா எக்ஸ்ரே கதிருதான்! எக்ஸ்ரே கதிரு! மேடம் சொன்னது சரி! நான் சொன்னதும் சரி! ம்மா! ம்மோவ்!"

சிட்டம்மாள் பின்வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர்.

"நீதான கண்ணு போன்ல சொன்ன, 'இது இல்லாம உள்ள வுட மாட்டாங்க, இத்தக் குத்திக்கினாதான் பயமில்ல'ன்னு. அப்ப அது காப்புதானன்னு நெனச்சேன். அந்தாளு சுருண்டு கெடக்குது. ஆணியில கோட்டு தொங்குது. எடுத்து அரைஞாண் கயித்துல கட்டிட்டேன்."

"கட்டுன சரி. ஏன்மா சொல்லல? இத்தன நாளா நான் பேஜாராகி அழுதுகினு கீறேன், கேட்டுக்கினுதான இருந்த?"

சிட்டம்மாள் புருஷனைப் பார்த்தார், தரையைப் பார்த்தார்.

"முடிச்சு அவுறல. விடிஞ்சா நீ கோட்டோட கெளம்பணும். அந்தாளு ஊசி போட்ட மயக்கத்துல தூங்குது. பல்லால கடிச்சுப் பாத்தேன். அப்புறம் பிளேடால..." குரல் இறங்கியது. "கயித்தையே அறுத்துட்டேன்."

ஆண்பிள்ளையின் அரைஞாண் கயிறு அறுபடுவது எப்போது என்பது இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். கடைசிக் குளியலில்தான். உயிரோடு இருக்கிற புருஷனின் கயிற்றை அறுத்த கையை எந்தப் பெண்பிள்ளை வெளியில் காட்டுவாள்? பேட்ஜைப் பற்றிச் சொன்னால் கயிற்றைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இரண்டையும் சேர்த்து முழுங்கிவிட்டார்.

வேதகிரி மெதுவாகக் கேட்டார். "அப்ப... அது தானா அறுந்துபோவலியா?"

"இல்லய்யா."

"நீதான் அறுத்தியா?"

"நான்தான். என்ன வெட்டிப் போடு."

வேதகிரி வெட்டவில்லை. சிரிக்க ஆரம்பித்தார். முதலில் வாய், அப்புறம் தோள், அப்புறம் ஆள் மொத்தமும் குலுங்கியது. காலையில் எழுந்து பார்க்கிறார், கயிறும் இல்லை, தாயத்தும் இல்லை. தானாக அறுந்துவிட்டது, நமக்கு நாள் வந்துவிட்டது என்று முடிவு கட்டிவிட்டார். பெண்டாட்டி பயந்துவிடுவாள் என்று அவளிடமும் சொல்லவில்லை. சண்டைகளை முடித்துக்கொண்டதும், மண்வெட்டியைத் திருப்பிக் கொடுத்ததும் அதனால்தான். பக்குவமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

"அடிப்பாவி! நான் போவப்போறேன்னு நெனச்சு அந்தக் கண்டக்டர்கிட்ட போய் மன்னிப்புக் கேட்டேன்மே! ஒரு ரூபா அவன்தான் தரணும், நான் போய் மன்னிப்புக் கேட்டேன்!"

திங்கட்கிழமை, சிட்டம்மாள் பொங்கல் புடவையைக் கட்டிக்கொண்டு, ஃபிலிம் உறையை மார்போடு அணைத்தபடி மகளோடு சென்னைக்குப் போனார். அங்கே நடந்ததை தேவயானி எனக்குப் போனில் சொன்னாள். மூச்சு விடாமல் சொன்னாள்.

கனகா மேடம் ஃபிலிமை விளக்குப் பெட்டியில் மாட்டி, கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டும் பார்த்தார். ஸ்கேன் தேதியைப் பார்த்தார். "யார் கட்டினது?" என்று கேட்டார்.

"நான்தாம்மா. பொண்ணு மேல தப்பு இல்ல. அவளுக்குத் தெரியவே தெரியாது. கட்டுனதும் நானு, அறுத்ததும் நானு."

"அம்மா, இது யாரையும் காப்பாத்தாது. எவ்வளவு பட்டதுன்னு அப்புறமா சொல்லும், அவ்வளவுதான்."

சிட்டம்மாள் யோசித்துப் பார்த்தார். "அடி வாங்கறப்போ தடுக்காது, வாங்கி முடிச்சப்புறம் கணக்கு மட்டும் சொல்லுமா? எங்க பக்கத்து வூட்டுக்காரி மாதிரின்னு சொல்லுங்க."

மேடம் சிரிப்பை அடக்கிக்கொண்டு, தேவயானிக்குக் கண்டிப்பாக ஒரு டோஸ் விட்டார். பேட்ஜ் இனி துறை வாசலைத் தாண்டக் கூடாது, சாயங்காலம் பலகையில் மாட்டிவிட்டுத்தான் போக வேண்டும். முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு பேட்ஜ் வகுப்பையும் இனி அவளே எடுக்க வேண்டும். அதெல்லாம் முடிந்ததும், "நாளைக் காலையில் நீதான் கறக்கணும், சீக்கிரம் வா" என்றார்.

"சார், நானே கறந்தேன் சார்! மேடம் பின்னாடி நின்னாங்க, கையக் கட்டிக்கினு! ஒரு சொட்டு சிந்தல!" என்று அவள் கத்தியதில், போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டேன்.

போன வாரம் மறுபடியும் சாலவாக்கத்தில் டீ குடித்தேன். முத்துவேல் பாலை ஆற்றியபடியே சொன்னார்: "பொண்ணு இல்ல சார். அப்பன்காரன்தான் மின்னறானாம். இடுப்புல."

அந்த நேரம் பார்த்து, மின்னுகிறவரே எதிரில் வந்து நின்ற டவுன் பஸ்ஸின் படியில் நின்றுகொண்டு, கண்டக்டரிடம் அந்த மன்னிப்பைத் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தார். பஸ்ஸுக்குள்ளிருந்து காய்கறிப் பையோடு சிட்டம்மாள் இறங்கினார். உத்திரமேரூர் சந்தைக்குப் போய் வருகிறார்.

"கயிறு?" என்றார் வேதகிரி.

"மறந்துட்டேன்யா."

"போன வாரமும் மறந்த. அறுத்தவதான் வாங்கியாந்து கட்டணும், நானா வாங்கிக் கட்டக் கூடாது." அப்படி ஒரு சட்டம் வேதகிரியைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

"கறுப்பா, செவப்பான்னு ஒயுங்காச் சொல்றியா நீ? நேத்து ஒண்ணு, இன்னிக்கு ஒண்ணு."

"செவப்பு. முன்ன இருந்தது செவப்பு."

"அது கறுப்பு. அறுத்தவளுக்குத் தெரியாதா?"

பஸ் போய்விட்டது. வேதகிரி என் பக்கம் திரும்பினார். "சார், நீங்களே எழுதி வெச்சுக்கங்க. எனக்கு ஒரு கயிறு பாக்கி கீது."

எழுதிவிட்டேன். நிறத்தை மட்டும் எழுதவில்லை.